பேச்சு நிற்கும் இடம்

மதகு மேட்டை எட்டுவதற்கு முன்பே அர்ச்சுனனுக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. சாலையோர மைல்கல்லில் கையை ஊன்றிக் குனிந்து நின்றான். இருமல் வந்தது. இருமி முடித்துத் துப்பியதை விடியல் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தான். வெறும் எச்சில்தான். ஆனாலும் பயம் போகவில்லை. கூட வேலை பார்த்த சாமிதுரைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

பால் வண்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"என்னாங்க, யாருனா தொரத்துறாங்களா?"

"இல்லீங்க. சும்மா ஓடுனேன்."

"சும்மாவா?" அவர் முழங்காலோடு வெட்டிய காக்கிப் பேண்டையும் வெறுங்காலையும் பார்த்தார். "ஏறுங்க. ஊருப் பக்கமாத்தான் போறேன்."

பால் கேன்களுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்து அர்ச்சுனன் ஊர் திரும்பினான். வீட்டில் மனைவி விருத்தாம்பாள் கேட்டதற்கு, "சக்கரை வராம இருக்க ஓடுறேன்" என்றான். அவளுக்கு அது நம்பும்படியாகத்தான் இருந்தது. தெருவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை இருந்தது.

உண்மைக் காரணத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பியூஸ் கட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் அர்ச்சுனனுக்கு வேலை. அந்தக் கம்பெனியில் ஆட்கள் இரண்டு வகை. களிமண்ணைப் பிசைவது, அச்சில் அழுத்துவது, பளபளப்புக் கூழில் முக்கி எடுப்பது எல்லாம் ஈர வேலை. வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லை உடைத்து, அரைத்து, மாவாகச் சலிப்பது காய்ந்த வேலை. அர்ச்சுனன் கல்யாணமான வருடத்திலிருந்து காய்ந்த வேலைதான் பார்த்தான். சாயங்காலம் வெளியே வரும்போது புருவம், காது மடல், மூக்கின் உள்பக்கம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். அப்போது ஆளுக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுப்பார்கள். தொண்டையில் ஒட்டிய தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது பேட்டையில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. முதலாளியும் அதை நம்பினார். மில் பக்கம் வந்துபோகிற நாளில் அவரும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்வார்.

சாமிதுரை எதிர்ச் சல்லடையில் நின்றவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் சைக்கிளை மிதித்துப் பாலம் ஏற முடியாமல் இறங்கித் தள்ளினான். பிறகு தள்ளவும் முடியவில்லை. பிறகு ஒரு முழுப் பேச்சைப் பேசி முடிக்க முடியவில்லை. காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் விழுங்கினான். கேட்கவில்லை. கடைசியாகக் கடலூருக்குக் கூட்டிப்போனபோது அர்ச்சுனன்தான் துணைக்குப் போனான். அங்கே டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி அது. பதிலைக் கேட்டுவிட்டு, இது காசநோய் இல்லை, கல்தூசி என்றார். இந்த வருடம் ஆடி மாதம் சாமிதுரை போய்ச் சேர்ந்தான்.

அதன்பிறகு அர்ச்சுனன் தன் இருமலை எண்ணத் தொடங்கினான். படம் எடுத்துப் பார் என்று மனசின் ஒரு பக்கம் சொன்னது. எடுத்தால் அதில் ஏதாவது இருக்கும், எடுக்காதவரை ஒன்றும் இல்லை என்று இன்னொரு பக்கம் சொன்னது. இந்த இழுபறியில்தான் அவனுக்கு ஓட்டம் ஞாபகம் வந்தது. இளவட்டத்தில் சுற்றுப்பட்டு ஊர்ப் பொங்கல் ஓட்டங்களில் எல்லாம் ஓடியவன். ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கம் ஒரு ஊரில் வாங்கிய எவர்சில்வர் குடம் இன்னும் வீட்டில் இருக்கிறது. 'இரண்டாம் பரிசு' என்று வெட்டிய எழுத்து கூட அழியவில்லை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் வாசல்வரை நிற்காமல் ஓடிவிட்டால் தன் நெஞ்சு சுத்தம் என்று தனக்குத் தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டான். நெஞ்சு கெட்டவன் அவ்வளவு தூரம் ஓட முடியுமா? முடியாது. ஆக, ஓடினால் போதும். படம் வேண்டாம்.

மறுநாளும் ஓடினான். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் மைல்கல்லைக் கொஞ்சம் தாண்டியோ தாண்டாமலோ மூச்சு முட்டி நின்றான். அந்த வாரக் கடைசியில் முழங்காலுக்குக் கீழே, எலும்போரமாக, தொட்டால் உயிர் போகிற வலி. மகள் கயல்விழியின் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டப் போனவன் மைதானத்தை நொண்டிக்கொண்டே கடந்தான். பெண்பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த விளையாட்டு டீச்சர் காவியா பார்த்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகாத சின்ன வயசு டீச்சர்.

"நீங்க கயல்விழி அப்பாதானங்க? காலு என்னா ஆச்சு?"

"ஓடுறேன் டீச்சர்."

"எவ்ளோ தூரம் ஓடுறீங்க?"

"முடியற வரைக்கும்."

"எவ்ளோ வேகமா?"

"அதுவும் முடியற வரைக்கும்."

அவள் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அதுக்குப் பேரு ஓட்டம் இல்லீங்க. போலீஸக் கண்டா ஓடுவானுங்க பாருங்க, அது. கடைசியா எப்ப ஓடினீங்க?"

"எம் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னால."

"அப்ப நீங்க புதுசுதான். பழைய ஆளுன்னு நெனச்சிக்காதீங்க. நெஞ்சு சீக்கிரமா ஞாபகப்படுத்திக்கும். காலுக்கு அவ்ளோ புத்தி கெடையாது. எலும்பும் நரம்பும் கெட்டிப்பட மாசக்கணக்குல ஆவும். நெஞ்சு பேச்சக் கேட்டுக் கால ஒடச்சிக்காதீங்க."

நெஞ்சு ஞாபகப்படுத்திக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

வலி முழுசாகப் போகும்வரை ஓடக் கூடாது என்றாள். பிறகு ஒரு விளக்குக் கம்ப தூரம் ஓடினால் இரண்டு கம்ப தூரம் நடக்க வேண்டும். ஒருநாள் ஓடினால் மறுநாள் சும்மா இருக்க வேண்டும். தார் ரோட்டில் வேண்டாம், மண் ஓரம் போதும், ஒரு ஷூ வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

"வேகம்?"

"ஓடிக்கிட்டே பேச வரணும். 'நேத்து கொழம்புல உப்பு கம்மி'ன்னு தெணறாம சொல்ல முடிஞ்சா அதான் உங்க வேகம். பேச்சு நின்னுச்சின்னா நடக்கணும்."

"யார்கிட்ட டீச்சர் பேசறது?"

"கொழம்பு வெச்சவங்ககிட்டத்தான்."

விருத்தாம்பாள் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறவள். முந்நூறு பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டிவிட்டு வந்து வீட்டிலும் வடிக்கிறவள். "எனக்கு வேற வேல இல்ல பாரு" என்றுதான் முதலில் சொன்னாள். காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்துவிட்டு, "எத்தினி மணிக்கு?" என்று அடுத்ததாகக் கேட்டாள்.

புரட்டாசியில் மகளின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிள்.

"யம்மா, ட்யூப்பு வெடிச்சா நீதான் வாங்கித் தரணும்" என்று படுக்கையிலிருந்தே கத்தினாள் கயல்விழி.

"கவர்மெண்டு சைக்கிளுதான? கவர்மெண்ட்டுல போயி கேளு."

அர்ச்சுனன் மண் ஓரமாக ஓடினான். விருத்தாம்பாள் பக்கத்திலேயே, விழுந்துவிடாத குறைவேகத்தில் மிதித்தாள். இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஷிப்டு ஷிப்டாக வாழ்ந்ததில் அவர்கள் பேச்சு, சாப்பாடு இருக்குதா, கதவைத் தாழ்ப்பாள் போட்டியா என்ற அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது.

"எதுனா பேசுங்க. பேச்ச நிறுத்திட்டீங்கன்னா நடக்கச் சொல்லணும்."

"என்னாத்த பேச?"

"நேத்து கொழம்பு எப்படி இருந்துது?"

"நல்லா இருந்துது."

"உப்பு?"

"சரியா இருந்துது."

"பொய். உப்பே போட மறந்துட்டேன்."

முதல் கம்பம் வந்தது. நடந்தார்கள். அந்த முதல் நாள் ஓடிய தூரத்தையெல்லாம் சேர்த்தாலும் தெருமுனையைத் தாண்டாது. அர்ச்சுனனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இருமல் வரவில்லை.

கம்பங்கள் மெல்லக் கூடின. ஒன்று ஓடி ஒன்று நடந்தார்கள். பிறகு இரண்டு ஓடி ஒன்று நடந்தார்கள். பேச்சும் கூடியது. சத்துணவு முட்டையில் அழுகல் வந்தது, கம்மாபுரத்துப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போய்விட்ட அவள் தம்பி வேறு இடம் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்திருப்பது, கயல்விழியை நர்சிங் சேர்ப்பதா காலேஜ் சேர்ப்பதா என்பது எல்லாம் ஓட்டத்தில் வந்தன. தம்பி பேச்சு வந்தால் அர்ச்சுனனுக்குச் சூடேறும். சூடேறினால் கால் வேகமெடுக்கும்.

"சண்ட போடறதுன்னா நடந்துக்கிட்டே போடுங்க" என்பாள். "அப்பத்தான் எனக்கும் பதில் சொல்ல வசதி."

சைக்கிளில் போகிற பெண்ணையும் பக்கத்தில் ஓடுகிற புருஷனையும் பார்த்து டீக்கடைக்காரர்கள், "என்னம்மா, கோச்சு!" என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டாம் பரிசுக்காரரு, முன்னால பாத்து ஓடுங்க" என்று அவனிடம்தான் சொன்னாள்.

மதகு மேட்டைத் தாண்ட ஆரம்பித்த பிறகுதான் அந்த விஷயம் அவள் கண்ணில் பட்டது. மதகுக்கு அப்பால் சாலை சமதளம். வலது பக்கம் புளியமரம், அடுத்து ஓட்டு வீடு, சாமிதுரையின் வீடு. அவன் மனைவி காசியம்மாள் அந்நேரத்துக்கு வாசல் பெருக்கிக்கொண்டிருப்பாள். புளியமரம் வந்ததும் அர்ச்சுனனின் பேச்சு பாதியில் அறுந்துவிடும். தலை குனிந்துகொள்ளும். கால் வேகமெடுக்கும். வீட்டைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு மூச்சிரைத்து நிற்பான்.

முதல் இரண்டு மூன்று முறை அவள் அதை மூச்சிரைப்பு என்றுதான் நினைத்தாள். "பேச்சு நின்னுச்சி, நடங்க" என்றாள். பிறகு யோசித்தாள்.

ஒருநாள் புளியமரத்தடியில் சைக்கிளைக் குறுக்கே போட்டு நிறுத்தினாள்.

"மேட்டுல வாயாடிக்கிட்டு வந்தீங்க. சமதரையில ஏன் வாய் கட்டிக்குது?"

"மூச்சு வாங்குது."

"மேட்டுல இருந்த மூச்சு இங்க எங்க போச்சு?"

அவள் சைக்கிளைத் திருப்பினாள். "வந்த வழியா ஓடுங்க. ஓடிக்கிட்டே சொல்லுங்க. ஓடறப்ப பொய் சொல்ல மூச்சு பத்தாது."

ஓடினார்கள். இரண்டாவது கம்பத்துக்கு முன்னால் அவன் ஆரம்பித்தான். சாமிதுரை பாலத்தில் சைக்கிளைத் தள்ளியது. கடலூர் டாக்டர் கேட்டது. ராத்திரியில் தன் இருமலுக்குத் தானே முழித்துக்கொண்டு, பக்கத்தில் படுத்திருப்பவளுக்குக் கேட்காமல் தலையணையை வாயில் வைத்துக்கொள்வது. துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிந்தது. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே சைக்கிள் செயின் சத்தம் கேட்டது.

"அப்ப சக்கரைன்னு சொன்னது?"

"சும்மா சொன்னேன்."

"கோயிலு வரைக்கும் ஓடிட்டா?"

"நெஞ்சுல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா நெனச்சேன்."

"ஓட முடியாமப் போனா?"

அவன் நடக்கத் தொடங்கினான். முந்நூறு பேருக்கு வடித்த சோற்றுப் பானையைத் தனியாக இறக்கும்போது வருகிற அயர்ச்சி அவள் முகத்தில் இருந்தது. வீட்டு வாசலில் இறங்கி சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுத்தான் சொன்னாள்:

"கோயிலு வரைக்கும் ஓடுங்க. நானும் வரேன். முழுசா ஓடினாலும் சரி, பாதியில குந்திட்டாலும் சரி, மறுநாளு போயி படம் எடுக்கணும். சம்மதமா?"

அவன் சம்மதித்தான். அன்றைக்குக் கோயில் வெகுதூரத்தில் இருந்தது. அதனால் சம்மதிப்பது சுலபமாக இருந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டம் நின்றது. மழை விட்டதும் விட்ட தூரத்தை ஒரே நாளில் பிடித்துவிடலாம் என்று அவன் ஓட, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. காவியா டீச்சர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிக்கக் கூடாதுங்க. அதுக்கும் முன்னாடிலேர்ந்து ஆரம்பிக்கணும். ஒங்க பொண்ணுகிட்ட சொன்னா ஒரு தடவையில புரிஞ்சிக்குது." மறுபடி ஒரு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. பகலில் சல்லடை, சாயங்காலம் வெல்லம், ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டம். தை போனது. சில காலைகளில் எழுந்திருக்கவே முடியாது. இருவரும் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டே, "இன்னிக்கி ஓடற நாளா, சும்மா இருக்கற நாளா?" என்று கேட்டுக்கொள்வார்கள். சும்மா இருக்கிற நாள் என்று தெரிந்தால் அதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது.

மாசி மகக் கூட்டம் வந்து கலைந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை அவன் கோயில்வரை ஓடினான். நடந்து போகிறவர் கொஞ்சம் எட்டி வைத்தால் தாண்டிவிடுகிற வேகம்தான். ஆனால் நிற்கவில்லை. புளியமரத்தடியில் பேச்சு நின்றது. விருத்தாம்பாள் தானே பேசினாள். தம்பி ஒருவழியாக வேப்பூரில் ஓட்டல் வேலைக்குப் போக ஒத்துக்கொண்டதைச் சொல்லிக்கொண்டே அந்த வீட்டைத் தாண்டவைத்தாள். கோயில் வாசலில் நின்றபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. இருமல் இல்லை. சந்தோஷம் பொங்கும் என்று நினைத்திருந்தான். வந்தது அசதிதான். ஆனாலும் வாசல் கடையில் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை அவன் நல்ல நெஞ்சுள்ள மனுஷனாக இருந்தான்.

உள்ளே ஜனங்கள் பிராது எழுதிக்கொண்டிருந்தார்கள். காணாமல் போன ஆடு, ஏமாற்றிய பங்காளி, தீராத வயிற்றுவலி என்று எதுவானாலும் கொளஞ்சியப்பருக்கு எழுதி வைத்து, அங்கேயே இருக்கும் காவல் தெய்வம் முனியப்பரிடம் கட்டிவிட்டுப் போனால் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு கிடைக்கும். கிடைத்ததும் திரும்பி வந்து பிராதை ராஜினாமா செய்ய வேண்டும். போலீஸ் ஸ்டேஷனைவிட இங்கே கூட்டம் அதிகம்.

"நாமளும் ஒண்ணு கட்டுவமா?" என்றாள்.

"யார் மேல?"

அவள் யோசித்தாள். முதலாளி மேலா? அவரும் வெல்லம் தின்கிறவர். கல் மேலா? கல் தன் பாட்டுக்குப் பூமியில் கிடந்தது.

"படம் எடுத்துட்டு வந்து எழுதுவோம். என்னா குத்தம்னு தெரியாம யார் மேலன்னு எழுதறது?"

மறுநாள் படம் எடுத்தார்கள். டாக்டர் இளவயசுக்காரர். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பார்த்தார். இன்னும் பார்த்தார். படத்தை இறக்காமலே கேட்டார்:

"என்ன வேலை பாக்குறீங்க?"

அர்ச்சுனனுக்கு அதற்குமேல் எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. விருத்தாம்பாளின் கை அவன் சட்டை முனையைப் பிடித்தது.

"செராமிக்ல சல்லடை வேலைங்க," என்றவன், உடனே, "ஆனா டாக்டர், நான் கொளஞ்சியப்பர் கோயிலு வரைக்கும் ஓடுறேங்க. நிக்காம" என்றான்.

டாக்டர் அவனைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "ஓடலாங்க. இது ஆரம்பம். ஆரம்பத்துல ஓட முடியும். ஓட முடியறதால உள்ள ஒண்ணும் இல்லன்னு ஆகாது."

"வெல்லம் விடாம சாப்பிடுறேங்க."

"வெல்லம் வயித்துக்குப் போவுது. தூசி நெஞ்சுக்குப் போவுது. ரெண்டும் வேற வழி." அவர் படத்தை உறையில் போட்டார். "பாண்டிச்சேரியில பெரிய ஆஸ்பத்திரியில ஒருதடவ காட்டி உறுதிப்படுத்திக்குங்க, எழுதித் தரேன். உள்ள போனது வெளிய வராது. இனிமே போகாம பாத்துக்கலாம். அந்த வேலைக்கு மட்டும் மறுபடி போவாதீங்க."

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆறு மாதமாகக் காலையில் எழுந்து, கால் வலித்து, மழையில் விட்டு, மறுபடி தொடங்கி ஓடியதெல்லாம் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் என்று அவனுக்குப் புரிந்தது. கேட்ட கேள்விக்கு இல்லை.

"ஓடினது வீண்" என்றான்.

"ஓடலன்னா நீங்க சொல்லியே இருக்க மாட்டீங்க" என்றாள் விருத்தாம்பாள். "சாமிதுரை அண்ணன் மாதிரி பாலத்துல எறங்கித் தள்ளுறப்பதான் எனக்குத் தெரிஞ்சிருக்கும்." பிறகு, "ஏந்திரிங்க, பஸ்ஸு போயிடும்" என்றாள்.

கம்பெனியில் ஈர வேலை கேட்டான். சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். அது பெண்கள் பார்க்கிற வேலை, கூலி குறைவு, கூழ் வாளி சுமக்க மட்டும் ஆள் தேவை என்றார். அர்ச்சுனன் சரி என்றான். சிரித்தவர்கள் இருந்தார்கள். களிக்கூழ் வாளியோடு அவன் போகும்போது, "வாங்க மாமா, இந்தப் பக்கம் வெல்லம் கெடையாது" என்று அச்சு வேலைப் பெண் ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

இரண்டாம் நாளே அவனுடைய சல்லடைக்குப் புது ஆள் வந்துவிட்டான். கம்மாபுரத்துப் பக்கத்திலிருந்து சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வந்தவன், முப்பது வயசிருக்கும், பேர் அன்புச்செல்வன். அர்ச்சுனன் வாளியை இறக்கி வைத்துவிட்டு அவனிடம் போனான்.

"இங்க ரொம்ப நாளு நிக்காதீங்க. நிக்கிற வரைக்கும் மூக்குல ஈரத்துணி கட்டிக்குங்க. அதுவும் முழுசாத் தடுக்காது. வருசத்துக்கு ஒருதடவ நெஞ்சுப் படம் எடுத்துப் பாருங்க."

"சரிங்கண்ணே." அவன் துண்டை எடுத்து முகத்தில் சுற்றிப் பார்த்தான். மூச்சு முட்டியதோ என்னவோ, கழற்றிவிட்டான். "சாயங்காலம் வெல்லம் குடுப்பாங்களாமே, நெசமாங்களா?"

அர்ச்சுனன் துண்டைத் தானே வாங்கி, தண்ணீர்த் தொட்டியில் நனைத்துப் பிழிந்து, அவன் முகத்தில் கட்டிவிட்டான். மறுநாள் அவன் அதைக் கட்டியிருக்கவில்லை. அர்ச்சுனன் மறுபடி நனைத்துக் கட்டினான். அதற்கு மறுநாளும்.

பாண்டிச்சேரிக்கு இரண்டுமுறை போய்வந்ததில் ஓட்டம் விட்டுப்போயிருந்தது. அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். பங்குனியில் ஒரு காலை இருவரும் கிளம்பினார்கள். ஒரு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை. பழையபடி ஆரம்பம். மதகு மேட்டை நடந்தே ஏறினார்கள். புளியமரம் வந்தது. பேச்சு நின்றது. இந்தமுறை அவன் வேகமெடுக்கவில்லை. கால் தானாகவே நின்றது.

காசியம்மாள் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்ளோ நாளா இந்தப் பக்கந்தான் ஓடுறீங்க. ஒருநாளும் நிக்க மாட்டேங்கிறீங்களே. நீங்க வர்றதப் பாத்துதான் நான் பெருக்கவே ஆரம்பிக்கிறது."

"இன்னிக்கி நடக்கற நாளுங்க" என்றான் அர்ச்சுனன். அதற்கப்புறம் நின்ற இடத்திலேயே, மூச்சு வாங்காமல், எல்லாவற்றையும் சொன்னான். படம் எடுத்ததை, டாக்டர் கேட்டதை, வெல்லம் வயிற்றுக்குத்தான் போகிறது என்பதை. காசியம்மாள் துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். கண் கலங்கவில்லை.

"அவருக்கும் அதான்னு சொன்னாங்க" என்றாள். "ஒங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிபோச்சி. அது போதும்."

"கோயில்ல ஒரு பிராது கட்டப் போறோம்க்கா" என்றாள் விருத்தாம்பாள். "நீயும் வரியா? ரெண்டு வூட்டுப் பேரும் போட்டு ஒண்ணா எழுதலாம்."

"யார் மேலன்னு எழுதறது?"

"நடந்துக்கிட்டே யோசிப்போம்" என்றான் அர்ச்சுனன்.

காசியம்மாள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். அவளுக்கு முழங்கால் வலி. விருத்தாம்பாள் சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டினாள். மூன்று பேரும் மண் ஓரமாக, காசியம்மாளின் நடைக்குத் தகுந்தபடி மெதுவாகப் போனார்கள். கோயில் இன்னும் தூரத்தில் இருந்தது.